எஞ்சின் இல்லாத சரிவு வண்டி: பேரிங் போதுமா, சைக்கிள் சக்கரம் வேணுமா?

மேட்டுத்தெரு, மார்ச் 2, இரவு 9.10

நாங்க அஞ்சு பேர் சேர்ந்து சரிவுல தானா உருண்டு வர்ற வண்டி ஒண்ணு கட்டுறோம். ரோடு தோட்டத்துக்குள்ள போற தனியார் தார் ரோடு, அனுமதி வாங்கியாச்சு. நீளம் 200 மீட்டர், மேலிருந்து கீழ வரைக்கும் 10 மீட்டர் இறக்கம், நடுவுல ஒரு வளைவு. என் கட்சி: பழைய பேரிங் நாலு போட்டா போதும். உராய்வே இல்லாத சாமான், சைக்கிள் சக்கரத்தை விட வேகமாத்தானே போகணும்? எங்க குழுவுல ஒருத்தர் ஒத்துக்க மாட்டேங்கிறார்.

லேத்து, மார்ச் 2, இரவு 10.35

அவர் சொல்றதுதான் சரி. பேரிங்குக்குள்ள உராய்வு கம்மி, அது உண்மை. ஆனா சக்கரம் வேகத்தை இழக்கிறது உள்ளே இல்லை, தரையோட சேர்ற இடத்துல. 6206 பேரிங்கோட வெளிவிட்டம் 62 மி.மீ., அதாவது ஆரம் 31. தார் ரோட்டுல நீட்டிக்கிட்டு இருக்கிற ஜல்லி 5 மி.மீ. இருந்தாலே இந்தச் சக்கரத்துக்கு அது ஒரு படி. ஒவ்வொரு ஜல்லியிலும் வண்டி துள்ளி விழுது, அந்தத் துள்ளல் முழுக்க உங்க வேகத்துல இருந்து எடுத்த சக்தி. காதைப் பிளக்கிற சத்தமும் அதே கணக்குதான். 16 அங்குல சக்கரம் அதே ஜல்லி மேல ஏறினதே தெரியாம போகும், மிச்சத்தை டயர்ல உள்ள காத்து வாங்கிக்கும்.

வழவழப்பான சிமெண்டுத் தரை, 50 மீட்டர் சரிவு, மணிக்கு 15 கி.மீ. வேகம்னா பேரிங் வண்டியே போதும், ஒரு மதியத்துல கட்டிடலாம். அதுக்கும் டூவீலர் பட்டறையில கிடைக்கிற 6202, 6301 வேண்டாம், வெளிவிட்டம் 35, 37 மி.மீ.தான். லாரி, டிராக்டர் பட்டறையில 6308 கேளுங்க, 90 மி.மீ. இருக்கும். நம்பர் படிக்கிறது சுலபம்: கடைசி ரெண்டு இலக்கம் 04க்கு மேல இருந்தா அதை 5ஆல் பெருக்கினா துளை அளவு. 6308னா 40 மி.மீ.

உங்க ரோட்டுக்கு அது ஆகாது. இரும்பு வளையத்துக்குத் தார்ல பிடிப்பு கம்மி. வளைவுல வழுக்கும், பிரேக் போட்டாலும் வழுக்கும்.

கட்டை, மார்ச் 3, காலை 6.50

பேரிங் வண்டியே கட்டுவோருக்கு ஒரு குறிப்பு. பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவி, உலர்த்தி, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். கிரீஸ் திணித்தால் வேகம் குறையும். கம்ப்ரசர் காற்றடித்துச் சுழற்றி அழகு பார்க்க வேண்டாம். எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் குண்டுகளில் கீறல் விழும், உடைந்து தெறிக்கவும் கூடும். மர அச்சில் ஏற்றும்போது உள்வளையத்தின் மேல் மட்டும் அடி விழ வேண்டும். வெளிவளையத்தில் தட்டினால் அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து ஓடுபாதையில் குழி விழுந்துவிடும்.

லேத்து, மார்ச் 3, இரவு 9.20

சக்கரத்தை வாங்குறதுக்கு முன்னாடி வேகம் எவ்வளவு வரும்னு கணக்குப் போட்டுடலாம். எல்லா முடிவும் அதுல இருந்துதான் வருது.

10 மீட்டர் உயரத்தை மாதச் சம்பளம்னு வச்சுக்குங்க. காத்தடைச்ச சைக்கிள் டயர்ல உருளும் இழப்பு, ரோடு கொஞ்சம் சொரசொரப்புன்னு வச்சா, எடையில நூத்துல ஒரு பங்கு. 200 மீட்டருக்கு 2 மீட்டர் உயரம் அங்கேயே செலவு. ஆளோட சேர்த்து 110 கிலோ வண்டி, உக்காந்த நிலையில காத்து எதிர்ப்பு இன்னொரு இரண்டரை, மூணு மீட்டரைத் தின்னும். மிச்சம் 5 மீட்டர் சொச்சம். அந்த உயரம் தர்ற வேகம் நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கி.மீ. பாதி வழியில, வளைவுகிட்ட, 28 வாக்குல இருக்கும்.

இந்த 36ஐ நீங்க ஏத்தவும் இறக்கவும் பெருசா முடியாது, சரிவுதான் தருது. உங்க கையில இருக்கிறது ரெண்டே விஷயம்: வண்டி நேரா போறது, நினைச்ச இடத்துல நிக்கிறது. காசையும் நேரத்தையும் முதல்ல அங்கே போடுங்க. மூக்கு, இறக்கை, பெயிண்ட் எல்லாம் அப்புறம்.

கீழே ரோடு முடியுற இடத்துல சமதளம் எவ்வளவு இருக்கு? அதைச் சொல்லாம மேற்கொண்டு பேசிப் பிரயோஜனம் இல்லை.

மேட்டுத்தெரு, மார்ச் 4, இரவு 8.00

சமதளம் 35 மீட்டர். அதுக்கப்புறம் கம்பி வேலி.

வளைவை எப்படி அளக்கிறது? கண்ணால பாத்தா ஒண்ணும் புரியல.

லேத்து, மார்ச் 4, இரவு 8.45

10 மீட்டர் கயிறு. வளைவோட உள்விளிம்புல ரெண்டு முனையையும் வச்சு இழுத்துப் பிடிங்க. கயித்தோட நடுவுல இருந்து ரோட்டு விளிம்பு எவ்வளவு தள்ளி இருக்குன்னு அளங்க. 100ஐ அந்தத் தூரத்தோட 8 மடங்கால் வகுத்தா ஆரம். உதாரணமா 62 செ.மீ. வந்தா, 8 மடங்கு 4.96, ஆரம் 20 மீட்டர்.

35 மீட்டர் சமதளம்னா நல்ல பிரேக்குக்குப் போதும், சுமாரான பிரேக்குக்குப் போதாது. மணிக்கு 36ல வர்ற வண்டியை 0.4 ஜி அளவுல, அதாவது எடையில 0.4 பங்கு விசையால, பிடிச்சா 13 மீட்டர்ல நிக்கும். 0.2 ஜிதான் வருதுன்னா 25 மீட்டர். ரெண்டுலயும் ஓட்டுறவர் சுதாரிக்கிற ஒரு நொடிக்கு 10 மீட்டர் சேருங்க. 23 எங்கே, 35 எங்கே! ரெண்டாவது கணக்குல மூக்கு வேலியைத் தொட்டுக்கிட்டு நிக்கும். ஈர ரோடுன்னா அதுவும் இல்லை. வேலிக்கு 5 மீட்டர் முன்னாடி பழைய லாரி டயரை ரெண்டு வரிசை கயித்தால சேர்த்துக் கட்டி வைங்க.

மேட்டுத்தெரு, மார்ச் 6, காலை 7.30

62 இல்ல, 65 செ.மீ. வந்துச்சு. ஆரம் 19 மீட்டர். வளைவுல வெளிப்பக்கம் மணல் சேர்ந்து கிடக்கு.

கட்டை, மார்ச் 6, காலை 9.15

மணலைக் கூட்டித் தள்ளாமல் வண்டியை மேலே ஏற்றவே வேண்டாம். 28 கி.மீ. வேகத்தில் 19 மீட்டர் வளைவுக்குத் தேவைப்படும் பக்கவாட்டுப் பிடிப்பு 0.32 ஜி. காய்ந்த சுத்தமான தாரில் ரப்பருக்கு அதைப் போல் இரண்டு மடங்கு பிடிப்பு உண்டு. தளர்ந்த மணலில் 0.3 கிடைத்தால் அதிகம்.

கவிழ்வதற்கும் ஒரு கணக்கு உண்டு. இரண்டு சக்கரங்களுக்கு இடையேயுள்ள அகலத்தில் பாதியை, ஆளோடு சேர்ந்த ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்க வேண்டும். அகலம் 850 மி.மீ., மையம் 450 மி.மீ. என்றால் 0.94. அதாவது வண்டி கவிழ்வதற்கு முன்பே வழுக்கிவிடும். வழுக்கலில் ஓட்டுபவர் வேகம் இழந்து தப்பிப்பார், கவிழ்ந்தால் தலை தரையில் மோதும். அதே ஆளை நாற்காலி உயரத்தில் உட்காரவைத்து மையம் 600, அகலமும் 600 என்று கட்டினால் 0.5தான். அந்த வண்டி வழுக்காது, புரளும்.

முன்-பின் அச்சு தூரம் 1300 மி.மீ. வையுங்கள். இருக்கை தரையிலிருந்து 200 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது.

அச்சுக்கு 12 மி.மீ. கம்பி போதும். இரும்புக் கடையில் எடுத்து, இரண்டு முனையிலும் மரை போட்டால் முடிந்தது.

லேத்து, மார்ச் 6, இரவு 10.10

கட்டை சொன்னதுல கடைசி வரியை மட்டும் மாத்தணும். 12 மி.மீ. சாதாரண கம்பி வளைஞ்சிடும்.

ஒரு சக்கரத்து மேல 50 கிலோ, அதாவது 500 நியூட்டன். சட்டத்துல இருந்து சக்கர நடு வரைக்கும் 60 மி.மீ. வெளியே நீட்டினா வளைக்கிற விசை 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. கம்பியில அழுத்தம் 175 மெகாபாஸ்கல் வாக்குல வரும். நின்ன இடத்துல தாங்கும். ஆனா பள்ளத்துல இறங்கி ஏறும்போது சுமை மூணு மடங்காகும், அப்போ 530. சாதாரண மைல்டு ஸ்டீல் 250லயே வளைய ஆரம்பிச்சிடும். 16 மி.மீ.ன்னா மூணு மடங்கு சுமையில 224, விளிம்புல நிக்குது. 20 மி.மீ.ன்னா 115, கவலையே வேண்டாம். விட்டம் கொஞ்சம் கூடினாலும் பலம் அதோட மும்மடிக்கு ஏறுது, அதான் விஷயம்.

மரை வெட்டின இடம் இன்னும் பலவீனம். மரையோட கடைசிப் பள்ளம் சுமை விழுற இடத்துல, சட்டத்தை ஒட்டி வரக் கூடாது.

கட்டை, மார்ச் 7, காலை 6.40

ஏற்றுக்கொள்கிறேன். 12 மி.மீ. என்பது சக்கரத்தின் இரண்டு பக்கமும் அச்சைத் தாங்கும் அமைப்புக்குத்தான் பொருந்தும். சைக்கிளில் 9 மி.மீ. அச்சு ஆயுள் முழுக்க உழைப்பது ஃபோர்க்கின் இரு கால்களும் பிடித்திருப்பதால்தான். அதே சக்கரத்தை ஒரு பக்கம் மட்டும் பிடித்துத் தொங்கவிட்டால், முதல் பள்ளத்திலேயே அச்சு வளைந்து சக்கரம் சாய்ந்துவிடும்.

லேத்து, மார்ச் 8, இரவு 9.00

அதனால சக்கரம் பத்தி என் யோசனை இது. பழைய இரும்புக் கடையில 16 அங்குலக் குழந்தை சைக்கிள் ரெண்டு, 20 அங்குலம் ரெண்டு எடுங்க.

16 அங்குல சைக்கிளை முன்பாகத்தோட அப்படியே வெட்டுங்க: ஃபோர்க், அது சுழல்ற ஹெட் டியூப், சக்கரம், பிரேக் எல்லாம் ஒரே உருப்படியா வரணும். ஹெட் டியூப்ல இருந்து 50 மி.மீ. தள்ளி ரம்பம் போடுங்க. இந்த ரெண்டு உருப்படியையும் குறுக்குப் பைப்போட ரெண்டு முனையில வெல்டு வச்சா, ரெண்டு காலும் தாங்கின முன்சக்கரம் ரெண்டு தயார். லேத் வேலையே இல்லை. வெல்டு வைக்கும் முன்னாடி உள்ள இருக்கிற பால்ரஸ், கிண்ணம் எல்லாத்தையும் கழட்டிடுங்க, சூட்டுல கிரீஸ் உருகி குண்டுகளோட கடினம் போயிடும்.

வெல்டு வைக்கிறப்போ ஹெட் டியூபோட மேல்முனை பின்பக்கமா சாய்ஞ்சிருக்கணும், சைக்கிள்ல இருந்த அதே சாய்வு. அந்தச் சாய்வுதான் கையை விட்டாலும் சக்கரத்தை நேராக்குது. ரெண்டு பக்கமும் ஒரே சாய்வா இல்லைன்னா வண்டி எப்பவும் ஒரு பக்கமே இழுக்கும். ரசமட்டத்தை நம்பாதீங்க, ஒரே அட்டையில கோணம் வெட்டி ரெண்டுக்கும் அதையே வச்சுப் பாருங்க.

பின்சக்கரத்துக்கு 20 அங்குலம். அதுக்கும் முன்சக்கரங்களையே எடுங்க, ஃப்ரீவீல் சுமை தேவையில்லை. சக்கரத்துக்கு வெளிப்பக்கம் ஒரு பைப் ஓட்டி ரெண்டு பக்கமும் 5 மி.மீ. தகட்டுல காடி வெட்டிப் பிடிச்சிடலாம்.

சைக்கிள் வளைவுல சாயும், உங்க வண்டி சாயாது. அதனால போக்ஸ் கம்பிக்குப் பக்கவாட்டுச் சுமை வரும், அது பழக்கமில்லாத சுமை. தளர்ந்த கம்பி ஒண்ணு கூட இருக்கக் கூடாது. சைக்கிள் கடையில கோட்டம் எடுத்து, எல்லாக் கம்பியையும் முறுக்கி வாங்குங்க. 26, 28 அங்குலச் சக்கரம் வேண்டாம், விட்டம் கூடக் கூடப் பக்கவாட்டுல நெளியும்.

பெயிண்டர், மார்ச் 9, மதியம் 1.20

ஆஸ்பத்திரி வீல்சேர் சக்கரம் எப்படி? ஒரு பக்க அச்சுலதான நிக்குது?

லேத்து, மார்ச் 9, இரவு 9.30

பின்சக்கரத்துக்கு நல்ல தேர்வு. அது ஒரு பக்கம் தாங்குறதுக்குன்னே செஞ்சது. சக்கரத்தோட அதே அச்சையும் அது ஏறுற புஷ்ஷையும் சேர்த்து வாங்கணும், வேற கம்பி போடக் கூடாது. விட்டம் 24 அங்குலம்ங்கிறதால வளைவு உள்ள ரோட்டுக்கு நான் போட மாட்டேன். நேர் ரோடுன்னா போடலாம். சரக்குத் தள்ளுவண்டியோட குண்டு டயர் முரட்டுத்தனமா உழைக்கும், ஆனா உருளும் இழப்பு சைக்கிளைப் போல ரெண்டு மடங்கு, வேகம் குறையும்.

கட்டை, மார்ச் 10, காலை 7.00

சட்டம். 25×25 மி.மீ. சதுரப் பைப், 2 மி.மீ. கனம், மீட்டருக்கு 1.44 கிலோ. 6 மீட்டர் நீளத்தில் இரண்டு வாங்கினால் 17 கிலோவில் முழுச் சட்டமும் முடியும். அதன்மேல் 12 மி.மீ. பிளைவுட், நாலடிக்கு இரண்டடி, ஐந்தரைக் கிலோ. தண்ணீர் படும், எனவே ஈரம் தாங்கும் ரகமாக வாங்குங்கள்.

பைப் வெட்டும் முன் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வண்டியை வரையுங்கள். ஓட்டப்போகும் ஆளை அதன்மேல் உட்காரவைத்து, கால் எங்கே எட்டுகிறது, கை எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். காகிதத்தில் சரியாக வந்தது தரையில் முழங்காலை இடிக்கும். சட்டத்தின் இரண்டு மூலைவிட்டங்களும் ஒரே அளவு வந்த பிறகே முழு வெல்டு. அதற்கு முன் நான்கு மூலையிலும் புள்ளி வெல்டு மட்டும். ஒரு பக்கமாக வெல்டு ஓட்டிக்கொண்டே போனால் சூடு இழுத்து, சட்டம் முறுக்கிக்கொள்ளும். பிறகு நான்கு சக்கரமும் தரையில் ஒன்றாக உட்காராது. எதிர்மூலைகளாக மாற்றி மாற்றி வையுங்கள்.

மேட்டுத்தெரு, மார்ச் 12, இரவு 8.30

ஸ்டீரிங்குக்குக் கயிறு போதாதா? நடுவுல ஒரு போல்ட், ரெண்டு பக்கமும் கயிறு, பேரிங் வண்டியில அப்படித்தானே.

லேத்து, மார்ச் 12, இரவு 9.50

நடு போல்ட் முறையில முழு அச்சும் திரும்புது. ஒரு சக்கரம் பள்ளத்துல அடிச்சா, அந்த அடி அரை மீட்டர் கைப்பிடி நீளத்தோட உங்க கயித்தைப் பிடுங்கும். திரும்பத் திரும்ப முன்பக்கத் தாங்கல் குறுகிக்கிட்டே போகும், கவிழ்றதுக்கு வழி. 15 கி.மீ. வேகத்துக்குச் சரி, 36க்கு வேண்டாம்.

உங்ககிட்ட இப்போ ரெண்டு ஃபோர்க் இருக்கு, தனித்தனியா திரும்பும். ரெண்டுலயும் ஹேண்டில் பாரை எடுத்துட்டு, அதைப் பிடிச்சிருந்த ஸ்டெம்மைப் பின்பக்கமா திருப்பிப் பூட்டுங்க. ரெண்டையும் ஒரு குறுக்குத் தண்டால இணைச்சா ஒண்ணா திரும்பும். ஆனா ஸ்டெம் ரெண்டும் நேர் பின்னால பாக்கக் கூடாது, பின் அச்சோட நடுப்புள்ளியைப் பாக்கணும். ஹெட் டியூப் ரெண்டுக்கும் இடையே 750, அச்சு தூரம் 1300ன்னா ஒவ்வொண்ணும் உள்பக்கமா 16 டிகிரி. பின் அச்சு நடுவுல ஆணி அடிச்சு நூல் கட்டி இழுத்தா கோணமானி தேவையில்லை. இப்படி வச்சா வளைவுல உள்சக்கரம் வெளிச்சக்கரத்தை விடக் கொஞ்சம் அதிகமா திரும்பும். ரெண்டும் சமமா திரும்பினா ஒண்ணு தேய்ச்சுக்கிட்டே வரும், டயர் கத்தும், வேகம் போகும்.

ஸ்டெம் உள்ளே வழுக்கித் திரும்பாம இருக்க, இறுக்கின பிறகு குறுக்கே 6 மி.மீ. துளை போட்டு போல்ட் மாட்டுங்க. இதை விட்டுடாதீங்க. ஸ்டெம் வழுக்கிட்டா ஓட்டுறவர் கையில ஸ்டீரிங் திரும்பும், சக்கரம் திரும்பாது.

தண்டு முனைகளுக்கு எம்8 ரோஸ் ஜாயிண்ட் (எல்லாப் பக்கமும் அசையுற குண்டு மூட்டு, 8 மி.மீ. மரை), ஒரு முனை வலது மரை, இன்னொண்ணு இடது மரை. தண்டைச் சுத்தினாலே நீளம் கூடும் குறையும். சக்கரம் ரெண்டோட முன்பக்க இடைவெளி, பின்பக்க இடைவெளியை விட 2 மி.மீ. குறைவா வைங்க. டயர்ல சாக்பீஸ் குறி போட்டு முன்னால அளந்துட்டு, வண்டியை அரைச் சுத்து உருட்டி அதே குறியைப் பின்னால அளக்கணும். அப்போதான் ரிம் கோட்டம் கணக்கைக் கெடுக்காது.

பெயிண்டர், மார்ச் 13, காலை 11.00

கயிறுதான்னு அடம்பிடிக்கிறவங்க நைலான் போட வேண்டாம், இழுக்க இழுக்க நீளும். 4 மி.மீ. ஸ்டீல் ஒயர் ரோப், முனைக்கு மூணு யூ கிளாம்ப். கிளாம்போட யூ பக்கம் சுமை இல்லாத வால் முனை மேல உக்காரணும்.

மேட்டுத்தெரு, மார்ச் 19, இரவு 10.15

சட்டம் முடிஞ்சுது, சக்கரம் ஏறிடுச்சு. மூலைவிட்டத்துல 3 மி.மீ. வித்தியாசம். பிரேக்குக்கு முன்சக்கரத்துல ஏற்கெனவே இருந்த காலிப்பர் (ரிம்மைக் கவ்வுற பிரேக்) ரெண்டு இருக்கு. ஒரே லீவர்ல ரெண்டையும் இழுக்கலாமா? காலை ஊன்றி நிறுத்துறதை அவசரத்துக்கு வச்சுக்கலாம்னு நினைக்கிறோம்.

லேத்து, மார்ச் 19, இரவு 11.05

காலை ஊன்றவே கூடாது. பாதம் தரையில மாட்டினா வண்டி மேலே ஏறும், கணுக்கால் உடையும். ஓட்டுறவர் கால் வெளியே வர முடியாதபடி பக்கப் பலகை போடுங்க.

ஒரே லீவர்ல ரெண்டையும் இழுக்கலாம், நடுவுல சமன் தகடு இருந்தா. உள்ளங்கை அளவு தகட்டுல மூணு துளை: நடுத்துளையில லீவர்ல இருந்து வர்ற ஒயர், ரெண்டு ஓரத்துளையில காலிப்பருக்குப் போற ஒயர்கள். ஒரு பக்கக் கட்டை முதல்ல பிடிச்சா தகடு சாய்ஞ்சு இன்னொரு பக்கத்தையும் இழுக்கும். ஒயரை நேரடியா ரெட்டையா முடிஞ்சா ஒரு பக்கம் மட்டும் பிடிச்சு வண்டியைத் திருப்பிவிடும். ரிம் இரும்புன்னா பனி ஈரத்துலயே பிடிப்பு பாதியாகும், அலுமினிய ரிம் கிடைச்சா மாத்துங்க.

ரெண்டாவது பிரேக் கட்டாயம் வேணும், முதலாவதோட எந்தச் சம்பந்தமும் இல்லாம. இருக்கைக்குப் பின்னால கீல் போட்ட பலகை, அடியில லாரி டயர்த் துண்டு, காலால மிதிக்கிற நெம்புகோல். மிதிக்கிற விசை நாலு மடங்காகிற மாதிரி நீளம் வைங்க. டயர்த் துண்டை ஆணி அடிச்சுப் பிடிக்காதீங்க, ரப்பர் தேய்ஞ்சதும் ஆணித்தலை ரோட்டுல வழுக்கும். ஓரத்தை மடிச்சுப் பலகைப் பக்கவாட்டுல போல்ட் போடுங்க.

சோதனை இப்படி: சமதளம், ஓட்டுறவர் உள்ளே, கை பிரேக்கை மட்டும் முழுக்கப் பிடிக்கட்டும். சட்டத்துல கொக்கித் தராசு மாட்டி இழுங்க. 44 கிலோ காட்டுற வரைக்கும் சக்கரம் உருளக் கூடாது. 110 கிலோவுக்கு 0.4 ஜி அதுதான். 25லயே உருண்டா பிரேக் கட்டை, ஒயர் உறை ரெண்டையும் பாருங்க. உறை நீளமா தொங்கினா இழுக்கிற விசையெல்லாம் அதை அமுக்கவே போயிடும்.

மூலைவிட்டத்துல 3 மி.மீ. பரவாயில்லை. பின் அச்சு, வண்டியோட நடுக்கோட்டுக்குச் செங்குத்தா இருக்கான்னு மட்டும் நூல் கட்டிப் பாருங்க.

பெயிண்டர், மார்ச் 21, மாலை 6.00

எடை கூட்டினா வேகம் கூடுமா? மணல் மூட்டை வைக்கலாம்னு எங்க பக்கம் ஒரு பேச்சு.

கட்டை, மார்ச் 21, இரவு 8.20

கூடும், ஓரளவுக்கு. காற்று எதிர்ப்பு வண்டியின் வடிவத்தைப் பொறுத்தது, இழுக்கும் விசையோ எடையைப் பொறுத்தது. அதனால்தான் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து ஏக்ரனில் நடக்கும் சோப் பாக்ஸ் டெர்பியில் வண்டியும் ஓட்டும் பிள்ளையும் சேர்ந்து இவ்வளவுதான் என்று எடைக்கு உச்சவரம்பு உண்டு. ஸ்டாக் பிரிவில் 200 பவுண்டு, ஏறத்தாழ 91 கிலோ. முதல் தேசியப் போட்டி 1934இல் டேட்டனில் நடந்தது, மறு ஆண்டே ஏக்ரனுக்கு மாறியது, 1936இல் இதற்கென்றே டெர்பி டவுன்ஸ் என்ற சரிவுப் பாதை கட்டினார்கள். சுமார் 300 மீட்டர், அரை நிமிடத்துக்குள் கடந்துவிடுகிறார்கள். 1973இல் வென்ற வண்டியின் மூக்கில் மின்காந்தம் ஒளிந்திருந்தது தெரியவந்து பட்டம் பறிபோனது. தொடக்கத்தில் வண்டிகளைத் தடுத்து நிற்கும் இரும்புத் தகடு முன்னால் விழும்போது, காந்தம் அதோடு சேர்த்து வண்டியையும் இழுத்துவிடும் ஏற்பாடு.

லேத்து, மார்ச் 21, இரவு 9.00

உங்க ரோட்டுக்கு மூட்டை வேண்டாம். 20 கிலோ கூட்டினா வேகம் மணிக்கு 1 கி.மீ. அளவுக்குத்தான் ஏறும், பிரேக் கூடுதலா 20 கிலோவைப் பிடிக்கணும். அந்த 1 கி.மீ.யை ஓட்டுறவர் இன்னும் கொஞ்சம் சாய்ஞ்சு உக்காந்தாலே எடுத்துடலாம்.

மேட்டுத்தெரு, மார்ச் 28, இரவு 7.45

தராசுல 46 காட்டுச்சு. ஞாயித்துக்கிழமை ஓட்டலாம்னு இருக்கோம்.

லேத்து, மார்ச் 28, இரவு 8.30

நல்ல பிரேக். மேலே இருந்து ஆரம்பிக்காதீங்க. கடைசி 20 மீட்டர்ல இருந்து விடுங்க, 14 கி.மீ. வேகம்தான் வரும். பிரேக் பிடிச்சு நிறுத்திட்டு எல்லா நட்டையும் தொட்டுப் பாருங்க. புது வண்டியில முதல் ஓட்டத்துலயே பாதி நட்டு தளரும், அச்சு நட்டுக்கு நைலாக் (உள்ளே நைலான் வளையம் வச்ச, லேசுல தளராத நட்டு) போட்டிருந்தா நல்லது. அப்புறம் 50 மீட்டர், அப்புறம் வளைவுக்குக் கொஞ்சம் மேலே இருந்து. மூணு இடத்துலயும் எங்கே நின்னுச்சுன்னு சாக்பீஸ் கோடு போடுங்க. அந்தக் கோடுங்களைப் பாத்தே உச்சியில இருந்து விடலாமா வேண்டாமான்னு தெரியும்.

அஞ்சு பேர்ல ஒருத்தர் மேலே, ஒருத்தர் வளைவுல, ரெண்டு பேர் கீழே, ஒருத்தர் ஓட்டணும். வளைவுல நிக்கிறவர் உள்பக்கம் நிக்கட்டும், வண்டி வழுக்கினா வெளிப்பக்கம்தான் வரும். அவர் கொடி காட்டாம மேலே இருந்து யாரும் விடக் கூடாது. ஹெல்மெட், கையுறை, மூடின ஷூ. மேலே வளையக் கம்பி இல்லாத வண்டியில பெல்ட் போடாதீங்க, புரண்டா ஆள் வண்டிக்கு அடியில மாட்டுவார்.

மேட்டுத்தெரு, மார்ச் 31, இரவு 9.40

50 மீட்டர் வரைக்கும் அருமை. அதுக்கு மேல இருந்து விட்டா முன்சக்கரம் ரெண்டும் கிடுகிடுன்னு ஆடுது, ஸ்டீரிங் கையில நிக்கல. அதோட நிறுத்திட்டோம்.

லேத்து, மார்ச் 31, இரவு 10.00

நிறுத்தினது சரி. ஆட்டத்துக்குக் காரணம் பெரும்பாலும் லூசு. முன்பக்கத்தைத் தூக்கி வச்சு, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடிச்சு ஆட்டுங்க. லொடலொடன்னா ஹப்போட கோன் (சக்கர நடுவுல குண்டுகளை அமுக்கிப் பிடிக்கிற கூம்பு நட்டு) தளர்வு. சக்கரம் ஆடாம ஃபோர்க் ஆடினா ஹெட் டியூப் கிண்ணம் சரியா உக்காரலை, வெல்டு சூட்டுல டியூப் நெளிஞ்சிருக்கலாம், கிண்ணத்தைக் கழட்டிப் பாருங்க. ரெண்டும் இறுக்கமா இருந்தா முன் இடைவெளியைத் திரும்ப அளங்க. 2 மி.மீ. குறைவா இருந்தது ஓடின பிறகு விரிஞ்சு, முன்னாடி அதிகமாயிருந்தா இதே ஆட்டம் வரும். ரோஸ் ஜாயிண்ட் பூட்டு நட்டு தளர்ந்தா அப்படி ஆகும்.

மேட்டுத்தெரு, ஏப்ரல் 1, இரவு 8.15

பூட்டு நட்டுதான். முன்னாடி 5 மி.மீ. அதிகமா விரிஞ்சிருந்துச்சு. சரி பண்ணி, இறுக்கின இடத்துல பெயிண்ட் கோடு போட்டுட்டோம், நகர்ந்தா உடனே தெரியும். டயர்ல காத்து எவ்வளவு வைக்கலாம்?

லேத்து, ஏப்ரல் 1, இரவு 8.40

டயர் பக்கவாட்டுல அச்சடிச்சிருக்கிற அளவு வரைக்கும், அதுக்கு மேல வேண்டாம். நாலுலயும் கேஜ் வச்சு அளங்க, கட்டை விரலால அமுக்கிப் பாக்கிறது போதாது. முன்சக்கரம் ரெண்டும் ஒரே அளவு இல்லைன்னா வண்டி காத்து குறைஞ்ச பக்கம் இழுக்கும்.